வாசகர் கேள்வி–பதில்: கம்பைலரைப் பொதியாக்குதல்

இணைய நிரல்மொழிகளின் கம்பைலர்களை, அதாவது எழுதிய நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவிகளை, லினக்ஸ் வழங்கல்களில் நிறுவத்தக்க பொதிகளாகச் சேர்ப்பது குறித்து வந்த கடிதங்களுக்காகவே இம்முறை இப்பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் டெபியன் என்ற வழங்கலைப் பயன்படுத்துபவர்கள் என்பதால் பதில்களும் டெபியனை ஒட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: உர்/வெப் என்னும் மொழியின் மூல நிரலை இறக்கி, ‘கன்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்ற மூன்று கட்டளைகளில் என் டெபியன் கணினியில் நிறுவிவிட்டேன். நன்றாக ஓடுகிறது. அந்தக் கோப்புகளையே ஒரு ‘டெப்’ கோப்பாகச் சுருட்டி, கல்லூரி ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் நிறுவிவிடலாமா? பொதியாக்குவதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: ஆய்வகத்துக்கு மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவ்வாறு சுருட்டிய கோப்பு டெபியன் பொதி ஆகிவிடாது. டெபியனைப் பொறுத்தவரை முதன்மையானது மூலப் பொதி, அதாவது மூல நிரலும் அதை உருவாக்குவதற்கான குறிப்புகளும். ‘டெப்’ கோப்பு அதிலிருந்து கிடைக்கும் விளைபொருள் மட்டுமே. புதிதாக நிறுவிய ஒரு கணினியில், இணைய இணைப்பு இல்லாமல், டெபியன் களஞ்சியத்தில் இருக்கும் கருவிகளை மட்டுமே கொண்டு அந்த மூலப் பொதியிலிருந்து நிரலை முழுமையாக உருவாக்கிக் காட்ட முடிய வேண்டும். உங்கள் மூன்று கட்டளைகளும் பலித்ததற்குக் காரணம், அவற்றுக்கு வேண்டியவை எல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்ததுதான். அவை எவை என்று ஒன்றுவிடாமல் எழுதித் தருவதே பொதியாக்குபவரின் முதல் வேலை.

உர்/வெப்பின் கம்பைலர் ஸ்டாண்டர்ட் எம்.எல். மொழியில் எழுதப்பட்டது, அதை உருவாக்க எம்எல்டன் என்ற இன்னொரு கம்பைலர் தேவை. எம்எல்டன் ஒரு நிரலின் எல்லாக் கோப்புகளையும் ஒரே மொத்தமாக எடுத்துக்கொண்டு மேம்படுத்துவதால் நினைவகத்தை வெகுவாகக் கேட்கும். உங்கள் மேசைக் கணினியில் அது பெரிதாகத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் டெபியன் ஒரே பொதியைப் பல செயலி வகைகளுக்கும் தனித்தனிக் கணினிகளில் உருவாக்குகிறது, அவற்றுள் எல்லாமே வசதியானவை அல்ல. மேலும், எம்எல்டன் கிடைக்காத செயலி வகையில் உர்/வெப்பும் கிடைக்காது. இதைப் பொதியாக்குபவர் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது பாதைகள். நீங்கள் ‘மேக் இன்ஸ்டால்’ செய்தபோது கோப்புகள் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவுக்குள் போயிருக்கும். அந்த இடம் கணினியின் நிர்வாகிக்கு உரியது; பொதி அதைத் தொடக் கூடாது, ‘/யூஎஸ்ஆர்’ அடைவுக்குள்தான் நிறுவ வேண்டும். இங்கே சிலர் ஒரு குறுக்கு வழியை நாடுகிறார்கள்: பொதிக்கான கோப்புகளைத் திரட்டும் தற்காலிக அடைவின் பெயரையே ‘கன்ஃபிகர்’ கட்டளையில் நிறுவும் இடமாகக் கொடுத்துவிடுகிறார்கள். சாதாரண நிரலாக இருந்தால் பல சமயம் இது தப்பித்துவிடும். கம்பைலரில் தப்பாது. உர்/வெப் தன் அடிப்படை லைப்ரரியும் சி தலைப்புக் கோப்புகளும் எங்கே இருக்கின்றன, எந்த சி கம்பைலரை அழைக்க வேண்டும் என்பவற்றை ‘கன்ஃபிகர்’ கட்டத்திலேயே தனக்குள் எழுதிக்கொள்கிறது. தற்காலிக அடைவின் பெயர் உள்ளே பதிந்துவிட்டால், பொதி பிழையின்றி உருவாகும், பிழையின்றி நிறுவப்படும். பயனர் முதல் நிரலைக் கொடுக்கும் நேரத்தில்தான், உலகில் இல்லாத ஓர் அடைவைத் தேடி அது நின்றுவிடும். நிறுவும் இடம் ‘/யூஎஸ்ஆர்’ என்று ‘கன்ஃபிகர்’ கட்டளைக்குச் சொல்லிவிட்டு, கோப்புகளைத் திரட்டும் இடத்தை ‘டெஸ்ட்டிர்’ என்ற மாறியின் வழியாக ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளைக்கு மட்டும் தனியே தருவதே சரியான முறை. பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவிகளைப் பயன்படுத்தினால், இதை அவை தாமாகவே செய்துவிடும்.

கேள்வி: பயிற்சிக்காக உர்/வெப்புக்கு நானே ஒரு பொதி செய்தேன். என் கணினியில் எல்லாம் சரியாக நடந்தது. நண்பர் ஒருவர் அதை நிறுவித் தமது நிரலைக் கம்பைல் செய்தபோது, ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியைக் காணோம் என்று பிழை வந்தது. சார்புகளை, அதாவது உடன் வேண்டிய பிற பொதிகளை, ‘டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ்’ என்ற கருவி தானாகவே கண்டுபிடித்து எழுதிவிடும் என்று படித்திருந்தேனே?
— மென்பொருள் பயிற்றுநர், கோயம்புத்தூர்

பதில்: அது கண்டுபிடித்தது சரிதான், அதன் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். இயங்கு கோப்புகளையும் பகிர்வு லைப்ரரிகளையும் திறந்து பார்த்து, அவை எந்தெந்த லைப்ரரிகளுடன் இணைக்கப்பட்டுள்ளன என்பதைப் படித்து, அந்த லைப்ரரிகளைத் தரும் பொதிகளின் பெயர்களைச் சார்புப் பட்டியலில் அது சேர்க்கிறது. ஒரு படம் பார்க்கும் செயலிக்கோ விளையாட்டுக்கோ இது போதும். கம்பைலருக்கு இரண்டு தேவைகள் உண்டு: தான் ஓடுவதற்கு வேண்டியவை ஒன்று, தான் பெற்றெடுக்கும் நிரல்கள் உருவாவதற்கு வேண்டியவை மற்றொன்று. இரண்டாவதை எந்தக் கருவியாலும் ஊகிக்க முடியாது.

உர்/வெப்பில் இந்த இரண்டாவது பட்டியல் நீளமானது. நிரலாளர் எழுதும் ஒரே நிரலிலிருந்து உலாவிக்கான ஜாவாஸ்கிரிப்டையும் சேவையகத்துக்கான சி நிரலையும் அது உருவாக்குகிறது. பிறகு அந்த சி நிரலைப் பயனரின் கணினியில் உள்ள சி கம்பைலரிடம் ஒப்படைத்து ஓர் இயங்கு கோப்பைப் பெறுகிறது. எனவே பயனரிடம் ஜிசிசி என்ற சி கம்பைலர், சி மொழியின் அடிப்படைத் தலைப்புக் கோப்புகள், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் உருவாக்கப் பொதி ஆகியவை இருந்தே தீர வேண்டும். வெறும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி மட்டும் போதாது. இணைப்பியும் சி கம்பைலரும் தேடுபவை உருவாக்கப் பொதியில்தான் இருக்கின்றன. உங்கள் கணினியில் பொதியை உருவாக்குவதற்காகவே அவற்றை நிறுவியிருப்பீர்கள், ஆகவே குறை தெரியவில்லை. இம்மூன்றையும் ‘கன்ட்ரோல்’ கோப்பின் ‘டிபெண்ட்ஸ்’ வரியில் கையால் எழுதுங்கள்.

தரவுத்தளத்தில் சற்று யோசிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய மூன்றையும் உர்/வெப் அறியும். ஒரு நிரலுக்கு வேண்டியது ஒன்றுதான். மூன்றின் உருவாக்கப் பொதிகளையும் கட்டாயமாக்குவது பயனரின் வட்டில் குப்பை சேர்ப்பது. எதையுமே குறிப்பிடாமல் விடுவது அவரைத் திண்டாட விடுவது. சேவையகம் எதுவும் நிறுவாமல் கற்கத் தொடங்குபவருக்கு எஸ்கியூலைட் ஏற்றது என்பதால் அதை, வழக்கமாகப் பொதியுடன் சேர்ந்தே நிறுவப்படும் ‘ரெகமெண்ட்ஸ்’ வரியிலும், மற்ற இரண்டையும், வெறும் யோசனையாக மட்டும் சொல்லும் ‘சஜஸ்ட்ஸ்’ வரியிலும் வைப்பேன். வேறு விதமாக வைப்பவரோடு சண்டைக்குப் போக மாட்டேன்.

இத்தகைய குறை நண்பரின் கணினிக்குப் போய்த்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ‘ஆட்டோபிகேஜிடெஸ்ட்’ என்ற ஏற்பாடு இதற்காகவே இருக்கிறது. தூய்மையான ஒரு சூழலில் பொதியை நிறுவி, நீங்கள் எழுதித் தந்த சோதனையை அது ஓட்டிப் பார்க்கும். கம்பைலரின் பதிப்பு எண்ணைக் கேட்டு, விடை வந்தால் வெற்றி என்று எழுதப்பட்ட சோதனைகளைப் பல பொதிகளில் காணலாம். கம்பைலருக்கு அப்படிப்பட்ட சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. ஒரே ஓர் அட்டவணையும் ஒரே ஒரு பக்கமும் கொண்ட சிறு நிரலைக் கம்பைல் செய்து, வந்த சேவையகத்தை ஓடவிட்டு, 8080 என்ற வலைத் துறையில் (போர்ட்) ‘கர்ல்’ என்ற இறக்கக் கருவியைக் கொண்டு அந்தப் பக்கத்தைக் கேட்டு, எதிர்பார்த்த சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்கான சார்புகளில் உங்கள் பொதி, ‘கர்ல்’, எஸ்கியூலைட்டின் உருவாக்கப் பொதி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். ‘ரெகமெண்ட்ஸ்’ வரியில் உள்ளவை சோதனைச் சூழலில் இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதால் எஸ்கியூலைட்டைத் தனியே எழுத வேண்டியிருக்கிறது. பழக்கத்தில் ஜிசிசியையும் அங்கே சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால், பொதியின் சார்புப் பட்டியலில் ஜிசிசி விடுபட்டிருந்தாலும் சோதனை வெற்றி என்றே சொல்லும்.

கேள்வி: டைப்ஸ்கிரிப்ட் நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூலத்திலிருந்துதான் உருவாக்க வேண்டும் என்று டெபியன் வற்புறுத்தினால், முதல் கம்பைலர் எங்கிருந்து வரும்? கோழியா முட்டையா கதையாக இருக்கிறதே!
— இணையச் செயலி வடிவமைப்பாளர், மதுரை

பதில்: கதை அதுதான், ஆனால் டைப்ஸ்கிரிப்டுக்கு மட்டும் உரியதன்று. மேலே சொன்ன எம்எல்டனும் ஜிசிசியும்கூடத் தம்மைத் தாமே கம்பைல் செய்துகொள்பவை. டெபியனில் ஒரு பொதி, உருவாவதற்குத் தன்னுடைய முந்தைய பதிப்பையே சார்பாகக் கேட்கலாம். ஆக, ஒருமுறை உள்ளே வந்துவிட்ட கம்பைலருக்குப் பிறகு பெரிய சிக்கல் இல்லை. களஞ்சியத்தில் இருக்கும் பழையது புதியதை உருவாக்கும். சிக்கல் முதல் முறையிலும், எப்போதாவது ஒரு பெரிய தாவலிலும்தான்.

மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. அதன் மூல மரத்திலேயே, ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் வடிவத்தை ‘லிப்’ என்ற அடைவில் வைத்திருக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. சரியாக ஓடுவதாகக் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட நகல் அது. அதை ஓடவிட்டால் கம்பைலர் உடனே தயார். ஆனால் மூல நிரல் என்பது மாற்றம் செய்ய விரும்புபவர் எந்த வடிவத்தைத் திறந்து திருத்துவாரோ அந்த வடிவமே. இயந்திரம் துப்பிய ஜாவாஸ்கிரிப்டை யாரும் கையால் திருத்துவதில்லை. எனவே அது பெயருக்கு உரைக் கோப்பாக இருந்தாலும் டெபியனின் பார்வையில் இரும நிரலுக்குச் சமம். முதல் பதிவேற்றத்தின்போது மட்டும் அதை ஏணியாகப் பயன்படுத்தி ஒரு கம்பைலரை உருவாக்கி, அந்தக் கம்பைலரால் அதே மூலத்தை மீண்டும் கம்பைல் செய்து, இரண்டாவதாகக் கிடைத்ததைப் பொதியில் வைப்பது ஒழுங்கான முறை. பிறகு ஏணி தேவையில்லை. மூலத் தொகுப்பிலிருந்தே அதை நீக்கிவிடலாம். டெபியனில் சில பொதிகளின் பதிப்பு எண்ணுக்குப் பின் ‘+டிஎஸ்’ அல்லது ‘+டிஎஃப்எஸ்ஜி’ என்ற ஒட்டு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெளியீட்டாளர் தந்த மூலத்திலிருந்து சில கோப்புகளை நீக்கி மீண்டும் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கான அறிகுறி அது. கட்டற்ற மென்பொருள் வரையறைக்கு ஒவ்வாதவற்றை நீக்கியிருந்தால் பின்னது, வேறு காரணங்களுக்காக நீக்கியிருந்தால் முன்னது.

தாவல் என்று சொன்னது வேறு விஷயம். கம்பைலரை எழுதுபவர்கள் தங்கள் மொழியின் புதிய வசதிகளைக் கம்பைலருக்குள்ளேயே பயன்படுத்தத் தொடங்கும்போது, மிகப் பழைய பதிப்பால் மிகப் புதிய மூலத்தைப் படிக்க முடியாமல் போகலாம். அப்போது இடைப்பட்ட பதிப்புகளை ஒவ்வொன்றாக உருவாக்கிக்கொண்டே வர வேண்டும். பொதியை இரண்டு மூன்று ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இதுவே தண்டனை.

இந்தச் சுழல் விரைவில் வேறு வடிவம் பெறப்போகிறது. கம்பைலரைக் கோ மொழிக்கு மாற்றி எழுதுவதாக 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஏறக்குறைய 10 மடங்கு வேகம் அவர்கள் முன்வைத்த காரணம். அப்படி வந்துவிட்டால் டைப்ஸ்கிரிப்டை உருவாக்க டைப்ஸ்கிரிப்ட் தேவைப்படாது, கோ கம்பைலர் இருந்தால் போதும். கோ கம்பைலரும் 2015 முதல் கோ மொழியிலேயே எழுதப்பட்டதுதான், ஆனால் அந்தச் சுமையை டெபியனின் கோ குழு ஏற்கெனவே சுமந்துவருகிறது. பதிலுக்கு ஒரு புதிய சுமை வரும்: கோ நிரல்கள் தாம் பயன்படுத்தும் லைப்ரரிகளைத் தமக்குள்ளேயே அடக்கிக்கொள்பவை, அவற்றில் ஒன்றில் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டால், லைப்ரரியை மட்டும் மாற்றி முடிக்க முடியாது, கம்பைலர் பொதியையும் மறுபடி உருவாக்க வேண்டும்.

கேள்வி: எல்ம் மொழியின் கம்பைலர் ஹாஸ்கெலில் எழுதப்பட்டது; ஹாஸ்கெல் லைப்ரரிகளோ டெபியனில் நிறைய உள்ளன. ஆனால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு உருவாக்கினால் நின்றுவிடுகிறது. கம்பைலரை உருவாக்க இணையம் எதற்கு?
— கணினி அறிவியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். எல்ம் கம்பைலருக்குள் ‘ரியாக்டர்’ என்ற சிறு சேவையகம் இருக்கிறது. உங்கள் திட்ட அடைவை உலாவியில் காட்டுவது அதன் வேலை. அது காட்டும் பக்கங்கள் எல்ம் மொழியில் எழுதப்பட்டவை. ஹாஸ்கெல் நிரலைக் கம்பைல் செய்யும்போதே, டெம்ப்ளேட் ஹாஸ்கெல் என்ற வசதியின் மூலம், பாதி உருவான எல்ம் கம்பைலரே ஓடி அந்தப் பக்கங்களை ஜாவாஸ்கிரிப்டாக்கி இயங்கு கோப்புக்குள் பதித்துவிடுகிறது. அந்த நேரத்தில் எல்மின் அடிப்படை லைப்ரரிகளை எல்ம் மொழியின் பொதித் தளத்திலிருந்து இறக்கப் பார்க்கிறது. டெபியன் கொள்கைப்படி முதன்மைக் களஞ்சியத்துப் பொதிகள் உருவாகும்போது வலையமைப்பை நாடக் கூடாது. ஆகவே உருவாக்கம் அங்கேயே முறிகிறது.

நிக்ஸ் வழங்கலில் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். வேண்டிய எல்ம் லைப்ரரிகள் ஒவ்வொன்றையும் அதன் பதிப்பு எண்ணோடும் சரிபார்ப்புக் குறியோடும் முன்கூட்டியே பட்டியலிட்டு, லைப்ரரிகளின் பதிவேட்டுக் கோப்பையும் சேர்த்து, எல்ம் வழக்கமாகத் தன் சேமிப்பைத் தேடும் அடைவில் உருவாக்கம் தொடங்கும் முன்பே வைத்துவிடுகிறார்கள். எல்லாம் ஏற்கெனவே இறக்கப்பட்டுவிட்டதாகக் கம்பைலர் எண்ணிக்கொண்டு, இணையத்தைக் கேட்பதில்லை.

டெபியனுக்கு இதே உத்தியைக் கொண்டுவரலாம், ஆனால் அந்த லைப்ரரிகளின் மூலங்களும் டெபியனுக்குள் மூலமாகவே இருக்க வேண்டும். கூடுதல் மூலத் தொகுப்புகளாக அதே பொதியில் சேர்ப்பது எளிய வழி. ரியாக்டரையே வெட்டி எறியும் ஒரு திருத்தத்தைப் போட்டால் வேலை ஒரு மாலைப் பொழுதில் முடியும்தான். எனினும் எல்மின் அறிமுகக் கையேடு கற்பவரை ஆரம்பத்திலேயே அந்தக் கட்டளையை ஓட்டச் சொல்கிறது. பொதியை நிறுவியவருக்கு அங்கேயே தடுக்கினால், குறை மொழியில்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார். நான் லைப்ரரிகளைச் சேர்ப்பதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் டைப்ஸ்கிரிப்ட் 4.8.4 தான் இருக்கிறது. அதற்கு மூன்று மாதம் முன்பே 5.0 வெளிவந்துவிட்டதே. பராமரிப்பாளர்கள் தூங்கிவிட்டார்களா?
— வாசகர், சென்னை

பதில்: தூங்கவில்லை. டெபியன் 12-க்கான உறைநிலை, அதாவது வெளியீட்டுக்கு முன் பெரிய மாற்றங்களை ஏற்பதை நிறுத்தும் காலம், 2023 ஜனவரியிலேயே படிப்படியாகத் தொடங்கிவிட்டது, 5.0 வந்தது மார்ச்சில். உறைநிலை இல்லாவிட்டாலும் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள். டைப்ஸ்கிரிப்டின் பதிப்பு எண்கள் வழக்கமான விதியைப் பின்பற்றுபவை அல்ல: 4.8-இலிருந்து 4.9-க்குப் போகும்போதுகூட, நேற்றுவரை சரியாகக் கம்பைல் ஆன நிரலில் புதிய வகைப் பிழைகள் தோன்றலாம். டெபியனில் ஒரு நேரத்தில் ஒரே டைப்ஸ்கிரிப்ட்தான் இருக்கும். அதைக் கொண்டு உருவாகும் பொதிகளோ ஏராளம். கம்பைலரை மாற்றுபவர் அவை எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கிப் பார்த்து, உடைந்தவற்றைத் திருத்திய பிறகே புதியதை உள்ளே விட முடியும்.

உங்கள் சொந்தத் திட்டத்துக்கு இந்தப் பதிப்பை நம்பியிருக்க வேண்டாம். திட்டத்துக்குள்ளேயே என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொதி நிறுவி மூலம் வேண்டிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அதுவே அந்த உலகின் முறை. டெபியன் தரும் கம்பைலர் முதன்மையாக டெபியனின் பிற பொதிகளை உருவாக்குவதற்கானது. அடுத்தபடியாக, இணைய இணைப்பு சீராக இல்லாத இடத்தில் மொழியைக் கற்பவருக்கும் அது உதவும்.

கேள்வி: கம்பைலரின் உரிமம் நான் அதைக் கொண்டு எழுதும் நிரலையும் கட்டுப்படுத்துமா?
— சட்ட மாணவி, திருச்சி

பதில்: கம்பைலரின் உரிமம் பொதுவாகக் கட்டுப்படுத்தாது, அதன் இயக்கநேர லைப்ரரியின் உரிமம் கட்டுப்படுத்தக்கூடும், ஏனெனில் அது உங்கள் நிரலோடு சேர்ந்தே பயனரிடம் போகிறது. ஜிசிசி இதற்காகவே தன் இயக்கநேர லைப்ரரிக்குத் தனி விதிவிலக்கு வைத்திருக்கிறது. உர்/வெப்பின் பிஎஸ்டி உரிமத்தில் கவலையில்லை. பொதியாக்குபவர் ‘காப்பிரைட்’ கோப்பில் கம்பைலருக்கும் லைப்ரரிக்கும் தனித்தனிப் பத்திகள் எழுத வேண்டும். இரண்டுக்கும் ஒரே உரிமம்தான் இருக்கும் என்று எண்ணி ஒரே பத்தியில் முடிப்பவர்கள் அதிகம்.

கேள்வி: இன்னும் யாரும் பொதியாக்காத ஓர் இணைய மொழியின் கம்பைலர் என் கையில் தயாராக இருக்கிறது. அதை டெபியனுக்குள் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும்? நம் நாட்டு பாஸ் லினக்ஸுக்குத் தனியாகச் செய்ய வேண்டுமா?
— மென்பொருள் பொறியாளர், சேலம்

பதில்: பாஸ் லினக்ஸை அரசின் சி-டாக் ஆய்வு மையத்தின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. எனவே டெபியனில் சேர்ப்பதில் உழைப்பைச் செலவிடுங்கள். டெபியனை அடியொற்றும் வழங்கல்கள் எதிர்காலப் பதிப்புகளில் அதை எடுத்துக்கொள்ள வழி பிறக்கும்.

பொதியாக்க எண்ணியிருப்பதை ‘ஐடிபி’ எனப்படும் அறிவிப்பாக டெபியனின் வழுப் பட்டியலில் முதலில் பதிவு செய்யுங்கள். வேறொருவர் அதே வேலையில் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். மொழிக்கு ஏற்ற குழு இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் குழு, ஹாஸ்கெல் குழு என்பன போல, அவர்களோடு சேர்ந்து செய்வது நல்லது. பதிவேற்ற உரிமை உங்களுக்கு இராது. அந்த உரிமையுள்ள டெபியன் உறுப்பினர் ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு உங்கள் சார்பில் பதிவேற்றுவார். அவரிடம் காட்டும் முன் ‘லின்டியன்’ என்ற சரிபார்ப்புக் கருவி சொல்லும் குறைகளைத் தீர்த்து, ‘எஸ்பில்ட்’ கொண்டு தூய்மையான சூழலில் உருவாக்கிப் பார்த்துவிடுங்கள்.

புதிய பொதிகள் ‘நியூ’ வரிசையில் காத்திருக்கும். அங்கே களஞ்சிய நிர்வாகக் குழுவினர் உரிமங்களையே நுணுகிப் பார்ப்பார்கள். அங்கே கம்பைலர்களுக்குக் காத்திருப்பு நீளலாம், பொறுமை வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கும். ‘நியூ’ வரிசைக்குப் போகும்போது உங்கள் கணினியில் உருவான இரும நிரலையும் சேர்த்தே அனுப்பியிருப்பீர்கள்; டெபியனின் சொந்தக் கட்டுமானக் கணினிகளில் உருவாகாத இரும நிரல்களை 2019 முதல், அடுத்த வெளியீடு உருவாகும் சோதனைக் கிளைக்குள் அனுமதிப்பதில்லை. எனவே பதிப்பின் கடைசி எண்ணை ஒன்று கூட்டி, இம்முறை மூலத்தை மட்டும் மறுபடி பதிவேற்றச் சொல்லுங்கள். அந்த இரண்டாம் பதிவேற்றத்தில்தான் உங்கள் கணினியின் செயலி வகை உட்பட ஒவ்வொரு செயலி வகையிலும் கம்பைலர் உண்மையாக உருவாகிறதா என்பது தெரியவரும்; பதிவுகளை அன்றே பார்த்துவிடுங்கள்.